ஆத்தங்கரையில முதலை முட்டை வைச்ச இடத்தை எப்பிடி அடையாளம் காணுறது, கண்டா என்ன செய்யிறது

எங்கட குடாநாட்டில ஆறெண்டு சொல்ல வழுக்கையாறு ஒண்டுதான், அதுவும் மாரிக்கு ஓடிப்போட்டு நிண்டுடும், அதால யாழ்ப்பாணத்து ஆக்கள் ஆத்து முதலையைப் பாக்கோணும் எண்டா ஆனையிறவு தாண்டித்தான் போகோணும். என்ர பெரியப்பா முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்யிறவர், கனகராயன் ஆறு அங்கால கிட்டத்தான் ஓடுது, இரணைமடுக்குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா அந்தத் தண்ணி இந்த ஆத்தாலதான் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போறது. சின்னனில இருந்தே பள்ளிக்கூட லீவுக்கு அங்க போய்ப் போய் முதலை முட்டை வைக்கிற இடங்களைப் பாக்கப் பழகினனான். இப்ப கனபேர் பைனாகுலரும் கமராவும் கொண்டு அங்கால வெளிக்கிடுகினம், அது நல்ல விசயம், ஆனா எங்க கால் வைக்கிறம் எண்டு தெரியாமப் போகினம், குருவிக்கூடு மாதிரி முதலைக் கூடும் கண்ணுக்கு முன்னால வடிவாத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு போனா நீங்கள் அதுக்கு மேலதான் ஏறி நிப்பியள்.

முதல்ல எந்த முதலை எண்டதைப் பிடியுங்கோ, ஏனெண்டா ரெண்டு முதலையும் முட்டை வைக்கிற முறை முழுக்க வேற. இலங்கையில ரெண்டு இனம் இருக்கு. ஒண்டு குளம், ஆறு, மடு எல்லாத்திலயும் இருக்கிற குளத்து முதலை, மற்றது கழிமுகம், கண்டல், சதுப்புப் பக்கம் இருக்கிற உவர்நீர் முதலை, அதைச் செம்மூக்கு முதலை எண்டும் சொல்லுவினம். வெய்யில் காய்ஞ்சுகொண்டு கிடக்கேக்கை பைனாகுலரால தலைக்குப் பின்பக்கம் கழுத்து தொடங்கிற இடத்தைப் பாருங்கோ, அதில நாலு பெரிய செதில் குறுக்கால ஒரு வரிசையா எடுப்பா நிண்டா அது குளத்து முதலை, அந்த இடம் வெறுமையாக் கிடந்தா உவர்நீர் முதலையாத்தான் இருக்கும். மூஞ்சியும் குளத்து முதலைக்கு அகலம், மற்றதுக்கு ஒடுக்கம், ஆனா தூரத்தில நிண்டு மூஞ்சியை வைச்சு முடிவெடுக்கப் போனா ஏமாந்து போவியள், செதிலை நம்புங்கோ.

குளத்து முதலை கிடங்கு கிண்டும். வாழைக்குலை பழுக்கப் போடுறதுக்கு எங்கட வளவில கிடங்கு வெட்டி, குலையை உள்ளுக்கு இறக்கி, மேல மண் போட்டு மூடுவமே, அதை நினைச்சுக்கொள்ளுங்கோ, மண்ணுக்குள்ள இருக்கிற கதகதப்பு வெளிய போகாம நிக்கும். உவர்நீர் முதலை கிடங்கு கிண்டாது, புல்லு, நாணல், இலைதழை, சேறு எல்லாத்தையும் பின்னங்காலால கூட்டிக் கும்பியாக்கி அந்தக் கும்பிக்குள்ள முட்டை வைக்கும், அது மாட்டெருக் கும்பி மாதிரி, தழை உக்கேக்கை வாற சூடுதான் முட்டைக்குச் சூடு. எருக்கும்பிக்குள்ள கையை விட்டுப் பாத்த ஆக்களுக்கு அந்தச் சூடு விளங்கும். நான் இஞ்ச எழுதப் போறது கூடுதலா குளத்து முதலையைப் பற்றி, ஏனெண்டா நாங்கள் ஆத்தங்கரையில மிதிக்கிறது அதின்ர கிடங்கைத்தான், கும்பி எண்டா தூரத்திலயே தெரியும், தெரிஞ்ச உடன வந்த வழியால திரும்பி நடவுங்கோ, உவர்நீர் முதலை கும்பிக்குக் கிட்டவே நிண்டு காவல் காக்கிற சாதி.

காலம். யூரியூப்பில தமிழ்நாட்டு வீடியோ பாத்துப்போட்டு மாசி பங்குனியில போய் நிக்காதேங்கோ. தென்னிந்தியாவில குளத்து முதலை மாசியில இருந்து சித்திரைக்குள்ள முட்டை வைக்கும், அங்க சித்திரையில இருந்து ஆனிக்குள்ள குஞ்சு பொரிக்கும். எங்கட பக்கம் அப்பிடி இல்லை, இலங்கையில குஞ்சு வெளிய வாறது ஆவணி புரட்டாதியில, அடை கிடக்கிற நாள் 55 தொடக்கம் 75 வரை, அப்ப பின்னுக்கு எண்ணிக்கொண்டு போனா முட்டை வைக்கிறது ஆனி ஆடியில வரும். சோளகக் காத்து அடிச்சு, ஆறு வத்தி, ஓட்டம் நிண்டு மடுமடுவாத் தண்ணி தேங்கி நிக்கிற காலம் அது, சிறுபோக வயலுக்குத் தண்ணி பாயிற காலம். அந்த நேரம் வெள்ளம் வந்து கிடங்கை மூடுற பயம் இல்லை, பொரிச்ச குஞ்சு கொஞ்சம் தேறி வரேக்கை ஐப்பசி மழை தொடங்கும், தண்ணி பரவும், தவளைக்குஞ்சும் மீன்குஞ்சும் பூச்சியும் மலிஞ்சு போகும். முதலைக்குக் கலண்டர் இல்லை, ஆனா அதின்ர கணக்கு எங்கட விதைப்புக் கணக்கை விடச் சரியா இருக்கு எண்டு பெரியப்பா சொல்லுவார்.

இப்ப கரையைப் பாக்கிறது எப்பிடி எண்டதுக்கு வாறன். அவசரப்படாம, தண்ணிக்கு எதிர்ப்பக்கக் கரையில நிண்டு பாருங்கோ, இது முக்கியம், கூடு இருக்குமெண்டு சந்தேகப்படுற கரையில நிண்டு தேடாதேங்கோ. மடு ஆழமா இருக்கிற இடத்தை முதல்ல பிடியுங்கோ, தாய் முதலை அந்த மடுவில கிடக்கும். பேந்து அந்த மடுவுக்கு மேல கரை சரிஞ்சு ஏறி மாரி வெள்ளம் எட்டாத உயரத்துக்கு வாற இடத்தைப் பாருங்கோ, மண் குருமணலும் எப்பன் களியும் கலந்திருக்கோணும், வெறும் மணல் எண்டா கிடங்கு சரிஞ்சு போகும், வெறும் களி எண்டா கோடையில கல்லாகிப் போகும். காலமை வெய்யில் விழுந்து மத்தியானத்துக்கு மருதமர நிழலோ பத்தை நிழலோ கொஞ்சம் விழுற இடமெண்டா இன்னும் பொருத்தம். எல்லாக் கூடும் கரையோரத்திலதான் எண்டும் நினைக்காதேங்கோ, சிலது தண்ணியில இருந்து நல்லா உள்ளுக்குப் போயும் வைக்கும், வயல் வரம்புக்குக் கிட்டயும் நான் கண்டனான்.

அடுத்தது தடம். முதலை நடந்த தடத்தில நடுவில வால் இழுத்த கோடு இருக்கும், ரெண்டு பக்கமும் கால் அடி. முன்னங்காலில அஞ்சு விரல், பின்னங்காலில நாலு, பின்னங்கால் அடி பெரிசா நீட்டா விழும். உடும்பின்ர தடத்திலயும் வால் கோடு இருக்கும், ஆனா அதுக்குப் பின்னங்காலிலயும் அஞ்சு விரல், நகம் நீளம், மண்ணில ஊசியால குத்தின மாதிரிப் பதியும். ஒருக்கா ஏறி இறங்கின தடம் எண்டா வெய்யில் காய வந்ததா இருக்கலாம். ஒரே வழியால திரும்பத் திரும்ப ஏறி இறங்கி புல்லு சாஞ்சு ஒரு ஒழுங்கை மாதிரி ஆகியிருந்தா அந்த ஒழுங்கையின்ர மேல் முடிவில என்ன கிடக்கு எண்டு பைனாகுலரால தேடுங்கோ.

அங்க என்ன தெரியும்? ஒண்டுமே தெரியாது, அதுதான் சிக்கல். எனக்குப் பதினாலு வயசிருக்கும், வாய்க்கால் கரையால ஓடிப்போய் ஆத்துக்கு இறங்க வெளிக்கிட, பெரியப்பா பின்னால வந்து தோளில பிடிச்சு நிப்பாட்டினார். "தம்பி, உதில மிதியாதை, அங்கால சுத்தி வா" எண்டார். நான் பாக்க அதில வெறும் மண். அவர் என்னைப் பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய், குந்தி இருந்து பார் எண்டார். குந்திப் பாத்தா, சுத்திவர மருத இலையும் காஞ்ச சுள்ளியும் கம்பளம் விரிச்ச மாதிரிக் கிடக்கு, நடுவில ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் ஒரு சருகு இல்லை. அந்த மண் மற்ற மண்ணை விட எப்பன் கறுப்பு, அடியில இருந்த ஈரமண் மேல வந்திருக்கு. மேற்பரப்பு வயிறு தேய்ஞ்சு மெழுகின நிலம் மாதிரி மட்டமா இருக்கு, ஓரத்தில மட்டும் பின்னங்கால் தள்ளின மண் அலை அலையா. அவ்வளவுதான் அடையாளம். ரெண்டு நாள் காத்தும் வெய்யிலும் பட்டா கறுப்பும் போயிடும், பிறகு சருகில்லாத அந்தத் துண்டு நிலம் ஒண்டுதான் சாட்சி. அண்டு தொடக்கம் ஆனி ஆடியில ஆத்தங்கரையில சருகில்லாத இடம் கண்டா நான் கால் வைக்கிறேல்லை, நீங்களும் வைக்காதேங்கோ.

அந்த மண்ணுக்குக் கீழ ஒரு முழ ஆழத்தில, அளந்து சொல்லுறதெண்டா 35 தொடக்கம் 56 சென்ரிமீற்றர் ஆழத்தில, அடியில கொஞ்சம் பக்கவாட்டா வளைஞ்ச அறை மாதிரி ஒரு கிடங்கு, அதுக்குள்ள முட்டை. இரவிலதான் வைக்கும், வைச்சு முடிக்க அரை மணித்தியாலம் கூட எடுக்காது. எட்டும் இருக்கலாம், 46 மட்டும் போகலாம், கூடுதலா இருபத்தஞ்சு முப்பதுதான். ஒரு முட்டை கோழி முட்டையை விட ரெண்டு மடங்கு நிறை. வைக்க முன்னம் ரெண்டு மூண்டு இடத்தில கிண்டிப் பாத்து விட்டுட்டுப் போறதும் நடக்கும், அதால கிண்டின இடமெல்லாம் கூடு இல்லை, ஆனா வெளிய நிண்டு எது வெறும் கிடங்கு எது முட்டைக்கிடங்கு எண்டு பிரிச்சறிய ஏலாது, எல்லாத்தையும் கூடு எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ.

கனபேர் குழம்புற இன்னொண்டு, கரையில தெரியிற பெரிய பொந்து. அது கூடில்லை. குளத்து முதலை கோடையில தண்ணி வத்தினா கரையைக் குடைஞ்சு வளை அமைச்சு உள்ளுக்குப் போய்க் கிடக்கும், வாசல் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட, அகலமா, ஒரு ஆள் ஊர்ந்து போற அளவில இருக்கும். கூடு கரைக்கு மேல, வாசலே இல்லாம மூடிக் கிடக்கும். வளைக்குள்ள ரோச் அடிச்சுப் பாக்கிறது, தடியை விட்டுக் குத்திப் பாக்கிறது எல்லாம் சாவோட விளையாடுற வேலை.

இனி நான் சொல்லோணும் எண்டு இதை எழுதத் தொடங்கின விசயம். சில வருசத்துக்கு முன்னம் ஆத்துக்கட்டு திருத்துறதுக்கு மெசின் வரப்போகுதெண்டு அறிஞ்சு, நானும் பெரியப்பான்ர மகனும் ஒரு கூட்டைக் காப்பாத்துவம் எண்டு வெளிக்கிட்டம். தாய் எதிர்க்கரையில கிடக்கிற நேரம் பாத்து, கையால மண்ணை விலக்கி, 31 முட்டை எடுத்து, கடகத்துக்குள்ள வைக்கல் போட்டு அடுக்கி, முந்நூறு மீற்றர் அங்கால மேட்டில அதே ஆழத்தில கிடங்கு வெட்டித் தாட்டம். ஒரு முட்டை கூட உடையேல்லை. எவ்வளவு பவுத்திரமாச் செய்தம் எண்டு எங்களுக்கு அப்ப சரியான சந்தோசம். எடுக்கேக்கை ஒவ்வொரு முட்டையிலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு வெள்ளைப் பட்டி நடுவால சுத்திப் போயிருந்ததைப் பாத்தனான், அது என்னெண்டு தெரியேல்லை. புரட்டாதி முடிய மட்டும் பாத்துக்கொண்டிருந்தம், ஒரு சத்தமும் இல்லை, கிண்டினா முப்பத்தொண்டும் அழுகிப் போச்சு.

பிறகுதான் படிச்சு அறிஞ்சன். முதலை முட்டை போட்ட உடன மங்கலாக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு நாளுக்குள்ள கரு மேல் பக்கம் வந்து கோதின்ர உள்சவ்வில ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இடத்தில வெளிய வெள்ளைப் பொட்டு விழும், நாள் போகப் போக அந்தப் பொட்டு பட்டியா விரிஞ்சு சுத்தும். கோழி தன்ர முட்டையை நாளுக்குக் கனதரம் உருட்டும், முதலை உருட்டாது. ஒட்டின பிறகு முட்டையை நாங்கள் புரட்டினா கரு கீழ போய், மஞ்சள் கருவின்ர பாரம் அதுக்கு மேல ஏறி, உள்ளுக்கே செத்துப்போகும், வெளிய ஒரு கீறலும் இருக்காது. நாங்கள் கடகத்தில அடுக்கேக்கை எது மேல் பக்கம் எண்டு ஒருக்கா கூட யோசிக்கேல்லை. தெரிஞ்ச ஆக்கள் முட்டையை இடம் மாத்த வேண்டி வந்தா, அசைக்க முன்னமே ஒவ்வொண்டின்ர மேல் பக்கத்திலயும் பென்சிலால குறி போட்டு, அந்தக் குறி வானத்தைப் பாத்தபடியே எடுத்து அதேமாதிரி வைப்பினம். அதால எவ்வளவு நல்ல மனசோட எண்டாலும் கையை வைக்காதேங்கோ. மெசின் வருது, மண் ஏத்த வருகினம், ஆரோ கிண்டப் போறாங்கள் எண்டு தெரிஞ்சா 1992 எண்ட இலக்கத்துக்கு எடுத்தா வனஜீவராசிகள் திணைக்களம், அல்லாட்டி ஜீஎஸ் (கிராம சேவகர்) ஐயாட்டைச் சொன்னா அவர் அவையிட்டை அறிவிப்பார். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால இலங்கையில ரெண்டு முதலையும் பாதுகாக்கப்பட்ட உயிரினம், முட்டை எடுத்தாலும் குற்றம்தான், அதையும் மனசில வைச்சிருங்கோ.

கூட்டுக்குப் பக்கத்தில இருக்கிற மரத்தையோ பத்தையையோ போட்டோவுக்காக வெட்டவும் வேண்டாம். முட்டைக்குள்ள ஆணா பெண்ணா எண்டதை முடிவெடுக்கிறது மண்ணின்ர சூடு. 31 பாகைக்குக் கீழ இருந்தா பெண் குஞ்சு, 32.5 பாகைக்குக் கிட்ட வந்தா கூடுதலா ஆண், அதுக்கு மேல போனா திரும்பவும் பெண் கலக்கத் தொடங்கும். ஒண்டு ரெண்டு பாகைதான் வித்தியாசம், ஒரு கொப்பு நிழல் போனா அது மாறிடும்.

பாக்கப் போற ஆக்களுக்கு. தனியப் போகாதேங்கோ, நாயைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம், முதலைக்கு நாய் இரை, அதோட நாய் மணம் பிடிச்சுக் கூட்டைக் கிண்டும், நீங்கள் திரும்பி வந்த பிறகும் அது தனியப் போய்க் கிண்டும். எதிர்க்கரையில ஐம்பது மீற்றர் தூரம் எண்டது என்ர கணக்கு, ஆறு ஒடுங்கின இடமெண்டா இன்னும் பின்னுக்குப் போங்கோ. கூட்டுக்கும் தண்ணிக்கும் நடுவில எந்த நேரமும் நிக்காதேங்கோ, தாய் கிட்டடியில மடுவுக்குள்ள கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளிய விட்டுக்கொண்டு கிடக்கும், நீங்கள் காணமாட்டியள், அது உங்களைக் கண்டிருக்கும். சீறின சத்தம் கேட்டா, வாய் திறந்தபடி கரையில நிண்டா, கதைக்காம, தண்ணிக்கு எதிர்த்திசையில கெதியா விலகுங்கோ. கூட்டுக்குப் பக்கத்தில அடையாளத்துக்குத் துணி கட்டுறது, தடி நடுறது வேண்டாம், நீங்கள் வைச்ச அடையாளம் முட்டை தேடுற ஆளுக்கும் அடையாளம். பேஸ்புக்கில போட்டோ போட்டா இடத்தின்ர பெயரை விடுங்கோ. சுண்டிக்குளம் தேசிய பூங்காவுக்குள்ள எண்டா அனுமதி எடுத்துக்கொண்டுதான் போகோணும்.

அந்த ரெண்டு மாசமும் கிடங்குக்கு எதிரி கனக்க. உடும்பு, கீரி, நரி, காட்டுப்பண்டி, ஊர்நாய். ஆரும் கிண்டினதா, குஞ்சு பொரிச்சுப் போனதா எண்டு கோதைப் பாத்துச் சொல்லலாம். கிண்டித் திண்டதெண்டா ஒடுங்கின துவாரம், நகக்கீறல், கோது துண்டு துண்டா வெளிய சிதறி, மஞ்சள் கரு ஒட்டி எறும்பு மொய்ச்சிருக்கும். பொரிச்சதெண்டா கிடங்கு அகலமா வாரித் திறந்திருக்கும், காஞ்ச சவ்வோட கோதுகள் கிடங்குக்குள்ளயும் ஓரத்திலயும் கிடக்கும், தண்ணிப் பக்கம் புதுத் தடம் இருக்கும்.

ஆவணி கடைசியில காலமை வெள்ளண எதிர்க்கரையில போய்ச் சத்தம் போடாம இருந்தா, அதிர்ஷ்டம் இருந்தா பொரிக்கிறதைப் பாக்கலாம். நான் ரெண்டு தரம்தான் பாத்தனான். குஞ்சுகள் முட்டைக்குள்ள இருந்தே கத்தத் தொடங்கும், மண்ணுக்கு அடியில இருந்து 'ங்யாக் ங்யாக்' எண்டு அமத்தின சத்தம், ஒண்டு கத்த மற்றது கத்தும். தாய் ஏறி வந்து முன்னங்காலால மண்ணை வாரும். ரெண்டு மாச வெய்யிலில அந்த மண் இறுகிக் கிடக்கும், தாய் வந்து திறக்காட்டி குஞ்சுகளால வெளிய வர ஏலாமப் போகும், அதாலதான் அந்த நாளில தாயைக் கலைச்சு விட்டியள் எண்டா ஒரு கூட்டையே புதைச்ச மாதிரி. வந்த குஞ்சை வாய்க்குள்ள எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போகும், உடையாத முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில வைச்சு மெல்ல உருட்டி வெடிக்கப் பண்ணும், மாட்டின்ர எலும்பை நொறுக்கிற அதே வாயால. சென்னைக்குப் பக்கத்தில இருக்கிற முதலைப் பண்ணையில தகப்பன் முதலையும் குஞ்சு காவினதைக் கண்டு எழுதி வைச்சிருக்கினம். தூரத்தில நிண்டு பாக்கிற சில ஆக்கள் தாய் குஞ்சைத் திண்ணுது எண்டு கத்திக் கல்லெறியிறவை, தயவுசெய்து எறியாதேங்கோ, அது கொண்டுபோய் விடுறது.

பொரிச்ச குஞ்சு ஒரு அடிக்குக் கிட்ட நீளம், மஞ்சள் உடம்பில கறுப்பு வரி. கொஞ்ச நாளைக்கு எல்லாம் ஒரே இடத்தில புல்லுக்கரையில கூட்டமா நிக்கும், தாய் பக்கத்தில. கொக்கு, பருந்து, உடும்பு, பெரிய மீன், பெரிய முதலை, எல்லாத்துக்கும் அது தீன், முப்பதில கொஞ்சம்தான் தப்பும். பிடிச்சுப் போத்தலுக்குள்ள விட்டு வீட்டை கொண்டு போகிற பெடியளை நான் கண்டனான், குஞ்சு கையில கத்தினா தாய்க்குக் கேக்கும், தாய் வரும்.

போறவை ஒரு கொப்பி கொண்டு போங்கோ. திகதி, நேரம், எத்தினை முதலை, மடுவில தண்ணி எவ்வளவு, தடம் எங்க, சருகில்லாத இடம் எங்க, பிறகு பொரிச்சுதா திண்டுதா, எத்தினை குஞ்சு தண்ணியில. இடத்தை உங்கட கொப்பியில மட்டும் எழுதுங்கோ. அடுத்த வருசம் அதே ஆனியில அதே கரைக்குப் போய்ப் பாருங்கோ, பழைய கிடங்குக்குக் கிட்டவே சருகு விலகியிருக்கான் எண்டு, என்ர கொப்பியில ஒரே மருதமரத்துக்குக் கீழ நாலு வருசம் தொடர்ந்து எழுதியிருக்கு.